கிளுவையா, கம்பியா, மின்வேலியா? மாட்டுக்கு ஏற்ற வேலி: கேள்வி பதில்

காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரத்து மானாவாரி மேய்ச்சல் காடுகளை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன். மண்ணும் மழையும் வேறாக இருந்தால் வேலியும் மாறும்.

வெள்ளக்கோவில் நண்பர்: அண்ணா, நான்கு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு இருக்கிறது. தாத்தா காலத்துக் கிளுவை முள்மர உயிர்வேலியில் அங்கங்கே ஓட்டை. பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டு முள்கம்பி போட்டுவிடலாமா?

தயவுசெய்து பிடுங்காதீர்கள் தம்பி. அரை நாளில் பிடுங்கிவிடலாம். அந்த அடர்த்தி மறுபடி வர எத்தனை வருடம் ஆகும் என்று உங்கள் ஐயாவைக் கேளுங்கள். கிளுவை காற்றைத் தடுக்கிறது, கௌதாரிக்கும் கீரிக்கும் இடம் கொடுக்கிறது, வறட்சியிலும் சாவதில்லை. கம்பியால் இதில் ஒன்றும் முடியாது.

ஓட்டைகளை மட்டும் அடையுங்கள். மழைக்கு முன், பழைய வேலியைக் கவாத்து செய்யும்போதே போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) கிடைத்துவிடும். நான்கைந்து அடி நீளத்தில், கட்டைவிரலைவிடத் தடித்ததாக எடுத்து, அரையடிக்கு ஒன்றாக நடுங்கள். நேராக நட்டால் நடுவில் கன்று தலையை நுழைக்கும். ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்து, குறுக்கே சந்திக்கும் இடத்தில் கயிற்றால் கட்டுங்கள். மாடு முட்டினாலும் தாங்கும் அளவுக்கு இறுக இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை வெள்வேல முள்ளை வெட்டி முன்னால் அடைத்து வையுங்கள். காயோடு இருக்கும் சீமைக்கருவேல முள் மட்டும் வேண்டாம். மாடு காயைத் தின்னும், விதை சாணத்தோடு காடு முழுக்க விழுந்து முளைக்கும், பிறகு மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லுக்கு இடமிருக்காது.

கரூர் நண்பர்: எங்கள் பக்கம் உயிர்வேலியே இல்லை. கம்பிதான் வழி. எத்தனை வரிசை போட வேண்டும்?

கன்றும் சேர்ந்து மேய்ந்தால் ஐந்து வரிசை. ஏழடிக் கல்தூணில் இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். பத்தடிக்கு ஒரு தூண். மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் உதைகல் (சாய்வாக முட்டுக் கொடுக்கும் கல்) கொடுக்காமல் கம்பியை இழுத்தால் முதல் மழையில் தூண் சாய்ந்து எல்லா வரிசையும் தொங்கிவிடும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்த உதைகல்லில்தான். அதைக் குறைக்கவே கூடாது.

போட்ட பிறகு வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கம்பி முள்ளில் மாட்டு முடி கொத்தாக ஒட்டியிருந்தால், அங்கே மாடு கழுத்தை நுழைத்து அப்புறத்துப் புல்லை எட்டுகிறது என்று பொருள். கம்பியை இறுக்குவதோடு, உள்ளே மேய்ச்சல் தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். பசித்த மாட்டை எந்த வேலியும் நிறுத்தாது. கறவை மாடு நெருக்கியடித்துப் போகும் தொழுவப் பாதையில் முள்கம்பி வேண்டாம். மடி கிழிந்தால் அந்தப் பசுவின் கறவையே போய்விடும்.

ஒட்டன்சத்திரம் சகோதரி: சோலார் மின்வேலி மாட்டைக் கொன்றுவிடுமா? மழைக்காலத்தில் நன்றாக அடித்தது, கோடையில் அடிக்கவே இல்லை. ஏன்?

கொல்லாதம்மா. தரமான கருவி ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, ஆயிரக்கணக்கான வோல்ட்டில், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு துடிப்பு அனுப்பும். சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். கோடையில் அடிக்காததற்குக் காரணம் எர்த்திங். மின்சாரம் மாட்டின் உடல் வழியாக மண்ணுக்குள் இறங்கி எர்த் கம்பி வழியே கருவிக்குத் திரும்பினால்தான் அடி. காய்ந்த மண் அதைக் கடத்தாது. எர்த் கம்பிகளைக் கூட்டி, ஈரம் நிற்கும் இடத்தில் ஆழமாக அடியுங்கள். கம்பியைத் தொடும் புல்லையும் வெட்டுங்கள்.

முள்கம்பியில் மின்துடிப்பு கொடுக்கவே கூடாது. சிக்கிக்கொண்ட மாடு விடுபட முடியாமல் அடிமேல் அடி வாங்கும்.

தருமபுரி நண்பர்: காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. வீட்டு மின்சாரத்தையே இரவில் கம்பியில் கொடுத்தால் என்ன?

கூடவே கூடாது. அது வேலியல்ல, கொலைப்பொறி, சட்டப்படி குற்றமும்கூட. 2023 மார்ச்சில் உங்கள் மாவட்டத்து மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இரவில் மடை திருப்பப் போகும் மனிதர்களும் இப்படிச் செத்திருக்கிறார்கள். துடிப்பு மின்வேலிக்கே 2023-இல் அரசு பதிவு விதிகள் கொண்டுவந்துவிட்டது. காட்டை ஒட்டிய நிலமென்றால் முதலில் வனத்துறையிடம் போங்கள்.

மூலனூர் நண்பர்: மாட்டோடு ஆடும் இருக்கிறது. நாய்கள் கடித்துக் குதறுகின்றன. காடு முழுக்க வலைக்கம்பி போடவா?

வேண்டாம், செலவு தாங்காது. இரவில் ஆடு அடையும் பட்டிக்கு மட்டும் போடுங்கள், அடிப்பகுதியை அரையடி மண்ணில் புதைத்து. மாடு உரசும் பக்கத்தில் வலைக்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டை வேண்டும், இல்லையென்றால் வலை வளைந்துவிடும்.

தாராபுரம் நண்பர்: கடவு, அதாவது வேலியில் உள்ளே போகும் வாசல், எந்த இடத்தில் வைப்பது?

தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கத்து மூலையில். மாடு சாயங்காலம் தானாகவே அங்கே வந்து நிற்கும், ஓட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. டிராக்டர் நுழையப் பன்னிரண்டடி அகலம் விடுங்கள்.