டாவின்சி ரிசால்வுக்கு ஆறு மாதம் செலவிடலாமா?

பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் என்ற இரண்டு வீடியோ எடிட்டிங் மென்பொருள்களைப் பற்றிக் கரூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காலேஜ் லேபில் பிரீமியர் புரோ சொல்லித் தருகிறார்கள். அவனோ டாவின்சி ரிசால்வ்தான் கற்பேன் என்கிறான். ஆறு மாத வகுப்பு, புது லேப்டாப் இரண்டும் கேட்கிறான். நாளைக்கு வேறு சாஃப்ட்வேர் வந்தால் இதெல்லாம் வீண்தானே என்று அவன் அப்பா மறுக்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?"

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ரிசால்வ் கற்க உங்கள் மகன் நேரம் ஒதுக்கட்டும், அது நல்ல முடிவு. வகுப்புக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். லேப்டாப்பையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். காலேஜில் நடக்கும் பிரீமியர் வகுப்பை மட்டும் அவர் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது.

அப்பாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2011 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் எடிட்டிங் மென்பொருளுக்கு ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. அதுவரை ஃபைனல் கட் புரோ 7-ஐ நம்பி உலகெங்கும் ஏராளமான எடிட்டர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். புதிய பதிப்பில் அவர்களுடைய பழைய புராஜெக்டுகளைத் திறக்க முடியவில்லை. பல கேமராக்களில் எடுத்ததைச் சேர்த்து வெட்டும் மல்டிகேம் வசதி வெளியானபோது இல்லை, அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் வந்தது. பலர் பிரீமியருக்கும், அவிட் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளுக்கும் மாறினார்கள். ஆனால் மாறியவர்களின் தொழில் அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது, பேசுபவரின் முகத்தைவிட்டுக் கேட்பவரின் முகத்துக்கு எப்போது போவது, அடுத்த காட்சியின் ஒலியை எவ்வளவு முன்னதாக உள்ளே கொண்டுவருவது என்பதெல்லாம் அவர்களிடம் அப்படியே இருந்தது. மெனுவும் ஷார்ட்கட்டும்தான் மாறின.

எடிட்டிங் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை நாம் நினைப்பதைவிட அதிகம். ஜே, கே, எல் விசைகளால் காட்சியைப் பின்னும் முன்னும் ஓட்டிப் பார்ப்பதும், ஐ, ஓ விசைகளால் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பதும் பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், அவிட் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ரிசால்வில் கீபோர்டு அமைப்பைப் பிரீமியர் போலவே மாற்றிக்கொள்ளும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. அதனால் லேபில் பிரீமியரும் வீட்டில் ரிசால்வும் என்று இரண்டையும் சேர்த்துப் பழகினால் குழம்பிவிடுவாரோ என்று கவலைப்பட வேண்டாம். ஒன்றில் கற்ற வேலையை இன்னொன்றில் செய்து பார்க்கும்போதுதான் எது மென்பொருளின் பழக்கம், எது தொழிலின் அடிப்படை என்பது பிடிபடும்.

சரி, எத்தனையோ மென்பொருள் இருக்க, ரிசால்வை ஏன் கேட்கிறார்? அதற்கு உருப்படியான காரணம் உண்டு. இது வண்ணம் திருத்துவதற்கென்றே பிறந்தது. ஒரு காலத்தில் டாவின்சி கருவிகள் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011-இல் இலவசப் பதிப்பு வந்தது. பிறகு எடிட்டிங் வசதிகளைச் சேர்த்தார்கள். கிராஃபிக்ஸுக்கு ஃபியூஷன், ஒலிக்கு ஃபேர்லைட் என்று தனித்தனியாக இருந்தவற்றையும் வாங்கி உள்ளே இணைத்தார்கள். சினிமாவில் டிஐ என்று சொல்கிறோமே, அந்த வண்ணச் சீரமைப்பு வேலையில் ரிசால்வ் தெரியாமல் நுழைவது இன்று கடினம். மகனுக்குக் கலரிஸ்ட் ஆகும் ஆசை இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ரிசால்வ்தான்.

எடிட்டராக வேண்டும் என்றால் கதை வேறு. வேலை கொடுப்பவர் எதில் வேலை செய்கிறாரோ அதுதான் முதல் மென்பொருள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் பல இன்னும் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான் ஓடுகின்றன. மணிக்கணக்கான மல்டிகேம் காட்சிகளைத் தடங்கல் இல்லாமல் வெட்ட அவர்களுக்கு அது பழகிவிட்டது. விளம்பர ஏஜென்சி, யூடியூப் சேனல் பக்கம் போனால் பிரீமியரும், கிராஃபிக்ஸ் வேலைக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ஜோடியாகக் கேட்பார்கள். சினிமா எடிட்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் அவிடும் இருக்கும், பிரீமியரும் இருக்கும், அந்த எடிட்டரின் கை எதில் பழகியதோ அது. அங்கே டிஐக்கு அனுப்பும்போது டைம்லைனை, அதாவது வெட்டி அடுக்கிய காட்சிகளின் வரிசையை, எக்ஸ்எம்எல் என்ற கோப்பாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அது மறுபக்கம் ரிசால்வில் எப்படித் திறக்கிறது, எந்த எஃபெக்ட் வழியில் தொலைந்துபோகிறது என்று தெரிந்த உதவி எடிட்டருக்குத் தனி மதிப்பு. உங்கள் மகன் இரண்டையும் பழக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே அவர் செய்ய வேண்டிய முதல் வேலை கரூரிலும் திருச்சியிலும் கோவையிலும் தான் சேர விரும்பும் இடங்களுக்கு நேரில் போய்க் கேட்பது. "அண்ணா, நீங்கள் எதில் எடிட் பண்றீங்க? புதுசா ஆள் எடுத்தா முதல்ல என்ன வேலை கொடுப்பீங்க?" இந்த இரண்டு கேள்வி போதும். முதல் பதிலைவிட இரண்டாவது பதில் முக்கியமானது. புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கார்டிலிருந்து காட்சிகளைக் காப்பி எடுப்பது, ஃபோல்டர் பிரித்துப் பெயரிடுவது, ஒலியோடு காட்சியைப் பொருத்தி சிங்க் செய்வது, கணினி திணறாமல் வெட்டுவதற்காகப் புராக்ஸி என்ற சிறிய நகல் கோப்புகளை உருவாக்குவது. எந்த விளம்பரத்திலும் இதைக் காட்ட மாட்டார்கள். ஆனால் இதைப் பிழையில்லாமல் செய்பவரைத்தான் ஸ்டூடியோ வைத்துக்கொள்ளும்.

அடுத்து பணம். ரிசால்வின் இலவசப் பதிப்பு சோதனைக்காகச் சில நாள் தருவது அல்ல, காலவரம்பு இல்லாதது. அல்ட்ரா ஹெச்டி அளவு வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை வீடியோவை வெளியே எடுக்கலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன், மேஜிக் மாஸ்க் போன்ற கூடுதல் வசதிகள் 'ஸ்டூடியோ' என்ற கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். அதன் விலை அமெரிக்காவில் 295 டாலர், ஒரே முறை கட்டுவது. மாணவருக்கு அது இப்போது தேவையில்லை.

பிரீமியரைத் தரும் அடோபி நிறுவனத்துடையது சந்தா முறை. வீட்டிலும் பிரீமியர் வேண்டும் என்று மகன் கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். மாதாமாதம் கட்டும் ஆண்டுத் திட்டம் என்பது மாதத் திட்டம் அல்ல, ஓராண்டு ஒப்பந்தம். இடையில் நிறுத்தினால் மீதித் தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்பதுதான் அதன் விதியாக இருந்து வருகிறது. இந்தக் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசின் வணிக ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிசி அடோபி மீது வழக்கே தொடர்ந்தது. மாணவர் சலுகை விலையும் முதல் ஆண்டுக்குப் பிறகு கூடும். லேபில் பிரீமியர் இருக்கும்வரை வீட்டில் ரிசால்வே போதும். நண்பர்கள் யாராவது கிராக் செய்த திருட்டுப் பதிப்பு தந்தால் வாங்க வேண்டாம். அதோடு வைரஸ் வந்து வாடிக்கையாளரின் கல்யாணக் காட்சிகள் அழிந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கட்டவே முடியாது.

வகுப்புக்கு இப்போது ஏன் வேண்டாம் என்கிறேன்? ரிசால்வைக் கற்பிக்கும் முழுப் புத்தகங்களையும், பயிற்சிக்கான காட்சிக் கோப்புகளையும் பிளாக்மேஜிக் தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. படித்து முடித்ததும் தேர்வு எழுதிச் சான்றிதழும் பெறலாம். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அது அவருக்குச் சிரமமாக இருந்தால் தமிழில் யூடியூப் பாடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு ஆறு மாதக் கட்டணம் அதிகம். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் மகன் வெட்டியதைப் பார்த்து, "இந்த ஷாட் ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டுத் திருத்துவார் என்றால் அதற்குப் பணம் கொடுக்கலாம். சேர்வதற்கு முன் அந்த ஆசிரியர் எடிட் செய்து வெளிவந்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

சினிமா எடிட்டிங்கை முறையாகவே படிக்க வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்தால், சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கும் டிஐக்கும் தனித்தனி இளங்கலைப் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆறு மாதம் என்று மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் எட்டு வாரம். தினமும் ஒன்றரை மணி நேரம், தேர்வு நாட்களில் விடுமுறை. ரிசால்வில் ஒவ்வொரு வேலைக்கும் தனித் திரையாகப் பல பக்கங்கள் உண்டு. அவற்றில் எடிட், கலர், வீடியோவை வெளியே எடுக்கும் டெலிவர் மூன்றும் போதும். ஃபியூஷன் பக்கத்தை இப்போது திறக்கவே வேண்டாம். அது தனிக் கடல், அதில் இறங்கிய பல பிள்ளைகள் ஒரு வீடியோவைக்கூட முடிக்காமல் எழுத்து சுழல்வதையும் மின்னுவதையுமே செய்துகொண்டிருக்கிறார்கள்.

எட்டு வாரத்தில் அவர் முடித்துக் கொடுக்க வேண்டியவை இவை. வீட்டில் யாராவது ஒருவரைப் பேட்டி எடுத்து ஐந்து நிமிடம். கரூரின் கைத்தறிக் கூடம் ஒன்றில் அனுமதி பெற்று எடுத்த மூன்று நிமிடம், அதில் பேச்சே இருக்கக் கூடாது, காட்சியும் தறியின் ஒலியும் மட்டும். அப்புறம் சொந்தக்காரர் விசேஷம் ஒன்றின் ஹைலைட்ஸ். கைத்தறி வீடியோவை மட்டும் லேபில் பிரீமியரிலும் இன்னொரு முறை முதலிலிருந்து வெட்டட்டும். மூன்றும் முடிந்தால் அடுத்த எட்டு வாரம் கொடுங்கள். மூன்றும் பாதியில் நின்றால், மென்பொருளைக் குறை சொல்லாமல், எடிட்டிங்கில் மணிக்கணக்காக உட்காரும் வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று அவரிடமே அமைதியாகக் கேளுங்கள். ஷூட்டிங், ஒலி, எழுத்து என்று அதே படிப்பில் வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டிலேயே அது தெரிந்துவிடுவது நல்லது.

இனி லேப்டாப். ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை அதிகம் நம்பியிருக்கும் மென்பொருள், அதனால் 8 ஜிபி ராமோடு தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திணறும். ஆனாலும் பழகத் தொடங்கலாம். டைம்லைனின் தெளிவுத்திறனை 720-க்குக் குறைத்து வைத்து, போனில் எடுத்த காட்சிகளுக்குப் புராக்ஸி உருவாக்கிக்கொண்டால் சின்ன வீடியோக்களை வெட்டி முடித்துவிடலாம். அதுவும் ஓடவில்லை என்றால் லேபில் ஒரு கணினியில் ரிசால்வ் போட்டுத் தரும்படி துறைத் தலைவரிடம் கேட்கட்டும். இலவசம் என்பதால் மறுக்கக் காரணம் குறைவு. எட்டு வாரம் கழித்து வாங்குவதாக முடிவானால் 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி மூன்றும் இருக்கட்டும். கடையில் ராம் எவ்வளவு என்று மட்டும் சொல்வார்கள். கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி எவ்வளவு என்று நீங்கள் தனியாகக் கேளுங்கள். பல மாடல்களில் ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற முடியாது.