துவரை கிடைக்கிறது, பயறு கிடைக்கவில்லையே?

கேள்வி: நான் வேளாண் ஆய்வு மாணவி. பயிர்களுக்கான ஆன்டாலஜி (வகைகளையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குச் சொல்லும் வரையறைத் தொகுப்பு) ஒன்றை ப்ரொடெஜே என்ற செயலியில் உருவாக்கி, விதை மாதிரிகளின் தரவோடு அப்பாச்சி ஜீனா ஃபுசெகி என்ற தரவு சர்வரில் ஏற்றியிருக்கிறேன். துவரை மாதிரிகளைக் கேட்டால் பட்டியல் வருகிறது. பயறு வகை மாதிரிகளைக் கேட்டால் ஒரு வரிகூட வரவில்லை. துவரை பயறு வகையின் உட்பிரிவு என்று எழுதித்தானே வைத்திருக்கிறேன்?

பதில்: எழுதியதில் தவறில்லை. ஃபுசெகி நீங்கள் தந்த வாக்கியங்களைச் சேமித்து, கேட்டால் எடுத்துத் தரும். இந்த மாதிரி துவரை, துவரை பயறு வகை, ஆகவே இந்த மாதிரியும் பயறு என்ற முடிவைத் தானாக எடுக்காது. ப்ரொடெஜேயில் ஹெர்மிட் போன்ற ரீசனரை (எழுதியதிலிருந்து புதிய முடிவுகளை வருவிக்கும் நிரலை) ஓட்டியபோது அந்த முடிவைத் திரையில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதைத் தனியாக ஏற்றுமதி செய்தால் ஒழிய, சேமித்த கோப்புக்குள் அது வராது. இந்த இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு.

ரீசனர் பக்கம் போகுமுன் இரண்டைச் சரிபாருங்கள். ஆன்டாலஜியிலும் தரவிலும் ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் இணைய வடிவ முகவரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் சாய்கோடும் மற்றோரிடத்தில் ஹேஷ் குறியும் இருந்தால் அவை வேறு வேறு பொருள்கள். அடுத்து, இரண்டையும் தனித்தனிப் பெயருள்ள கிராஃப்களில் (சர்வருக்குள் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்புகளில்) ஏற்றினீர்களா? அப்படியானால் வழக்கமான வினவலுக்கு அவை தெரியாது. தொடக்கத்தில் எல்லாவற்றையும் இயல்புநிலை கிராஃபிலேயே ஏற்றுங்கள்.

பிறகு வினவலை மாற்றுங்கள். மாதிரியின் வகை பயறு என்று நேராகக் கேட்காமல், அதன் வகையிலிருந்து உட்பிரிவு உறவின் வழியே மேலேறிப் பயறை அடைய முடியுமா என்று கேளுங்கள். 2013இல் வந்த ஸ்பார்க்கிள் 1.1 வினவல் மொழி இதற்கு வழி தருகிறது: வகை உறவு, சாய்கோடு, உட்பிரிவு உறவு, அதன் வாலில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் என்றால் பூச்சியம் முதல் எத்தனை படியானாலும் சரி என்று பொருள். பெயரிட்டு அடுக்கிய படிநிலைக்கு இதுவே போதும். சர்வர் அமைப்பில் கை வைக்க வேண்டியதில்லை.

‘புரதம் மிகுந்த பயறு’ போல நிபந்தனையால் வரையறுத்த வகுப்புகள் இருந்தால் நட்சத்திரம் உதவாது. அதற்காக ஜீனாவின் முழு ஓடபிள்யூஎல் (ஆன்டாலஜி எழுதும் மொழி) ரீசனரைச் சர்வரில் இணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரவு பெருகினால் நினைவகத்தை விழுங்கி, வினவலையும் நகரவிடாது. ரோபாட் என்ற கட்டளைவரிக் கருவியில் எல்க் ரீசனரை ஓட்டி, வகுப்புப் படிநிலையை முன்கூட்டியே கணித்து, வரும் கோப்பை ஏற்றுங்கள். உயிரியல் ஆன்டாலஜிகளைப் பராமரிப்பவர்களின் வழக்கமும் இதுதான். எல்க் எல்லா வகை வரையறைகளையும் கையாளாது. மறுப்பு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு போன்றவை உங்கள் ஆன்டாலஜியில் இருந்தால் ஹெர்மிட்டையே ஓட்டுங்கள். ஆன்டாலஜியைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணிப்பைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சர்வரை ‘மெம்’ விருப்பத்தோடு (தரவை நினைவகத்தில் மட்டும் வைப்பது) தொடங்கியிருந்தால், நிறுத்தியதும் ஏற்றியதெல்லாம் போய்விடும். ஆய்வுத் தரவை ஜீனாவின் டிடிபி2 என்ற தரவுக் கிடங்கில், வட்டில் வையுங்கள்.