பெண்களுக்கு மட்டும் தனிப் புலமைப்பரிசில் எதற்கு? இலங்கையில் கல்விதான் இலவசமாயிற்றே?

கேள்வியோடு இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "விஞ்ஞானமோ தொழில்நுட்பமோ, திறமையுள்ள பிள்ளை எப்படியும் படித்துவிடும், அரசாங்கக் காசைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை." அந்த வரி என்னைச் சுட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இசட் புள்ளியில் (உயர்தரப் பரீட்சையை வைத்துப் பல்கலைக்கழக அனுமதியை முடிவு செய்கிற புள்ளி) மயிரிழையில் இஞ்சினியரிங்கைத் தவறவிட்ட ஒரு தம்பியோ மகனோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த வலி எனக்குத் தெரியும். நானும் கொழும்பு மாவட்டத்தில்தான் உயர்தரம் எழுதினேன், இங்கே வெட்டுப்புள்ளி எப்படி ஏறும் என்பதும் தெரியும். ஆனால் அனுமதி வேறு, உதவிப்பணம் வேறு. பொறியியல் போன்ற பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 40 வீத இடங்களை அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதத்தை மாவட்டங்களுக்கும், 5 வீதத்தைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறது. அதில் ஆண், பெண் என்ற பிரிப்பே கிடையாது. ஒரு பெண்ணுக்குப் புலமைப்பரிசில் கிடைப்பதால் உங்கள் தம்பியின் இடம் போகாது. அவளும் அதே புள்ளியை எடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறாள்.

இலவசக் கல்வியைக் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் நான் இல்லை. என் அப்பா புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளை. மாதாந்தக் கட்டணம் என்று ஒன்று இருந்திருந்தால் கம்பஸ் வாசலையே பார்த்திருக்க மாட்டேன். ஆனால் படிக்கப் போகிற பிள்ளை எங்கேயாவது படுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பஸ் ஏற வேண்டும். அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

2017இல் எனக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கிடைத்தது. வீட்டில் பெரிய சந்தோஷம். கோயிலில் அர்ச்சனை, கடை முதலாளி வீட்டுக்குக்கூட லட்டு. ஆனால் போடிங், அதாவது கம்பஸுக்குப் பக்கத்தில் வாடகை அறையில் தங்குவது, என்ற பேச்சு மட்டும் எடுபடவில்லை. "பொம்பிளப் பிள்ளை வீட்டிலிருந்து போய் வரலாம்தானே" என்றார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி முழுக்க நின்றுகொண்டே கம்பஸ் இருக்கிற கட்டுபெத்தை. நெரிசல் நாளில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பின்னேர லேப் முடித்து ஏறுகிற பஸ்ஸில் நடப்பதைப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பையின் பட்டியில் எப்போதும் ஒரு ஊக்குப் பின் குத்தி வைத்திருப்பேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டதும் மேசையிலேயே தூங்கிப் போவேன். முதல் வருடத்தில் எடுக்கிற புள்ளிகளை வைத்துத்தான் யாருக்கு எந்தத் துறை என்று முடிவாகும். போடிங்கில் இருந்த பெடியன்கள் இரவு பத்து மணிக்கு ஒன்றாக உட்கார்ந்து பழைய வினாத்தாள் செய்வார்கள். அந்த நேரம் நான் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன்.

போடிங் பேச்சு எடுபடாத அதே மாதம் தம்பிக்கு இணைந்த கணிதத்துக்கு ஒரு பெயர்போன சேரிடம் ரியூசன் வேண்டும் என்றதும் அப்பா அன்றைக்கே காசு கட்டினார். கெட்ட மனிதர் இல்லை. என்னில் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் மகனுக்கு என்றால் அது செலவாகவே தெரியவில்லை. மகளுக்கு என்றால் "வேறு வழி இருக்கா பார்ப்போம்" என்றுதான் வாயில் முதலில் வரும். இதை வாசித்து அப்பாமாரைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

பிறகு பல்கலைக்கழக மாணவருக்கு மாதாமாதம் கொடுக்கிற மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, 1981இல் சட்டம் போட்டு உருவாக்கிய நிதியம். அப்போது மாதம் 5,000 ரூபா. காசு என் பெயரிலுள்ள கணக்கில் விழுந்தது. நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. கம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் தங்கும் அறையில் ஒரு கட்டில் 4,500 ரூபாவுக்கு இருந்தது, இரண்டு மாத முற்பணம். ஒருநாள் இரவு வங்கிப் புத்தகத்தை அப்பாவின் முன்னால் விரித்து வைத்தேன். வாயால் எதையும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கடைப் பேனையை எடுத்தார். கணக்குச் சரிபார்க்கிற பழக்கத்தில் ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் பேனை நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி மகள், போ. வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்துடணும்" என்றார்.

அந்தக் காசு தம்பியின் கணக்கில் விழுந்திருந்தால் அவனுக்கு அது கைச்செலவு. எனக்கு அதுதான் கட்டில், அதுதான் இரவுப் படிப்பு, அதனால்தான் சிவில் துறை கிடைத்தது. ஒரே தொகை, இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது. நீங்கள் கேட்ட "தனியாக எதற்கு" என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

எனக்குப் பெண்களுக்கென்று தனியாக எந்த உதவியும் கிடைத்ததில்லை, அதனால் சுயநலத்தில் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. 2022இல் முதுமாணிக்கு வெளியே போகலாம் என்று நினைத்தபோது இரண்டே மாதத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. சேர்த்து வைத்ததெல்லாம் பாதிப் பெறுமதிக்கு வந்துவிட்டது. பிரித்தானிய அரசின் மானியமும் பெறுகிற பிரிட்டிஷ் கவுன்சில், விஞ்ஞானம், தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கென்று கொடுக்கும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். படிப்புக் கட்டணம், மாதச் செலவு, பயணம், விசா, மருத்துவக் காப்பு எல்லாம் அதில் அடக்கம். குழந்தையுள்ள தாய்மாருக்கு மேலதிக உதவியும் உண்டு. எனக்குக் கிடைக்கவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரிக்குத்தான் போயிருக்கும், வருத்தமில்லை. இந்தியாவில் தொழில்நுட்பக் கல்விக்கான அரச அமைப்பான ஏஐசிடிஇயின் பிரகதித் திட்டம் தொழில்நுட்பப் பட்டம் படிக்கும் பெண்ணுக்கு வருடம் 50,000 இந்திய ரூபா கொடுக்கிறது, ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் வரைக்கும். அங்கே செய்ய முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் விட மனமில்லை. மகாபொலவுக்காகக் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்தும் படிவம் வாங்க அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி முப்பது வருடம் கழித்து, கொழும்பு நகரத்துக்குள்ளே! ஒரு நாளைக்கு இலட்சக்கணக்கில் வரவு செலவு பார்க்கிற மனிதர், அந்தக் கவுண்டரில் நின்று மகளிடம் "இதில என்ன கேட்கிறாங்க" என்று கேட்க வேண்டி வந்தது. என்னால் அதை இன்னும் மறக்க முடியவில்லை.

கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் பெண்கள்தானே என்று சிலர் கீழே வந்து எழுதுவார்கள். மொத்தமாகப் பார்த்தால் சரி. பொறியியல் பீடத்தில் போய் எண்ணிப் பாருங்கள். பிரேமளா சிவசேகரம் இந்த நாட்டின் முதல் பெண் பொறியியலாளராக வந்தது 1960களில். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து நான் பயிற்சிக்கு இடம் தேடியபோது, ஒரு நிறுவனம் "ஸைட்டில் பெண்களுக்கு டொய்லெட் இல்லை, அடுத்த முறை பார்ப்போம்" என்று ஃபோனை வைத்தது.

ஏழை ஆண் பிள்ளைகளுக்கும் உதவி வேண்டும். 2025இல் மகாபொல 7,500 ஆனது, இன்னும் கூட்டட்டும், முதல் ஆளாகக் கை தட்டுவேன். அதோடு, விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் தெரிவாகிற பெண்ணுக்கு ஒரு கட்டிலின் வாடகை, ஒரு லெப்டொப், பயிற்சிக் காலத்துப் பஸ் காசு, இவ்வளவையும் அரசாங்கம் தனியாகக் கொடுக்கட்டும். அப்பாவின் கணக்கில் போட வேண்டாம், அவள் பெயரிலேயே போடட்டும்.