வாசகர் கேள்வி பதில்: மல்லிகை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு வாசலில் தொட்டியில் குண்டுமல்லி வைத்து இரண்டு வருடமாகிறது. இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. சாமி படத்துக்கு ஒரு முழமாவது கிடைக்குமா?

பதில்: நிச்சயம் கிடைக்கும். இலை மட்டும் செழித்தால் தழைச்சத்து மிகுதி, அல்லது வெயில் குறைவு. மல்லிகைக்குத் தினமும் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் போட்டால் நிறுத்துங்கள். மாதம் ஒரு கைப்பிடி மக்கிய சாணமும் சிறிது சாம்பலும் போதும்.

கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள். அதைக் கேட்டு இங்கே நவம்பரில் வெட்டினால் மொட்டெல்லாம் போய்விடும், ஏனென்றால் நமக்கு அப்போது கோடை தொடங்கிவிடுகிறது. டர்பனில் ஆகஸ்ட் கடைசி சரியான காலம். அதற்கு முன் பத்து நாள் தண்ணீரைக் குறையுங்கள். பிறகு தொட்டி மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளையும் மிச்ச இலைகளையும் நீக்குங்கள். புதுத்துளிரின் நுனியில்தான் பூ வரும், பழைய கிளையில் வராது. கோடை மழையில் தொட்டித் துளை அடைத்தால் வேர் அழுகும். அடியில் இரண்டு செங்கல் வையுங்கள்.

கேள்வி: கட்டும்போது நூல் காம்பை அறுக்கிறதே?

பதில்: வாழை நாரைப் பத்து நிமிடம் நனைத்துக் கட்டுங்கள். நம் நத்தால் பகுதியில் வாழைக்கா பஞ்சம்! விரியாத வெள்ளை மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் வைத்தால், மாலையில் கட்டிய சரம் விளக்கேற்றும் நேரத்தில் விரிந்து வீடே மணக்கும். அடுத்த வீட்டு அக்காவுக்கும் ஒரு சாண் கிள்ளிக் கொடுங்கள்.