உருமி மேளம் பதிவு செய்ய எஃப்எல் ஸ்டூடியோ வசதியா, ரீப்பர் வசதியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் பையன்கள் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். இரண்டுமே கணினியில் இசையைப் பதிந்து அமைக்கும் மென்பொருள்கள். தம்பி, கணினியிலேயே பீட் கட்டுவதென்றால் எஃப்எல் ஸ்டூடியோ மாதிரி சுகம் வேறில்லை, கட்டங்கள் வரிசையாகக் கண்முன்னே இருக்கும், தட்டினால் கிக் டிரம் ஒலி விழும். ஒரு முறை வாங்கினால் பிற்பாடு வரும் பதிப்புகளும் இலவசம். ஆனால் வாங்குகிற வரை, சேமித்த வேலையை மறுபடி திறக்க விடாது.

உருமி வேறு கதை. வளைந்த குச்சி தோலில் உரசும்போது வருகிற அந்த முனகல் எந்தக் கட்டத்திலும் உட்காராது, கோயில் திருவிழாவில் அடிக்கிற மாதிரி அடித்தால் வேகமும் ஏறிக்கொண்டே போகும், அதை இழுத்துக் கட்டத்தில் ஒட்டவைத்தால் உயிர் போய்விடும். அதனால் மைக் வைத்து நேராகப் பதிய ரீப்பரைத்தான் சொல்வேன். ஆடியோவுக்கு ஒன்று, மிடிக்கு (ஒலி இல்லாமல், எந்த சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும்) ஒன்று என்று தனித்தனி டிராக் கிடையாது, எதையும் எதிலும் போடலாம். முகப்பு வறட்சியாகத்தான் இருக்கும், மெனுக்களும் ஏராளம், பழக இரண்டு வாரம் கொடு. 60 நாள் முழுசாகச் சோதிக்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர்.

அப்புறம், பதியும்போது பஃபரை, அதாவது கணினி ஒலியைக் கையாளுமுன் சேர்த்துவைக்கும் அளவை, 128 சாம்பிளில் வை. நொடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் அதனால் வரும் தாமதம் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. 512 என்றால் கிட்டத்தட்ட 11, ஹெட்போனில் கேட்டு அடிப்பவரின் கை தடுமாறும். மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்.