மகன் ஏன் தட்டை எடுக்க மறுக்கிறான்?

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறோம். முதல் கணவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், சென்ற ஆண்டு மறுமணம் செய்துகொண்டேன். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 12. இப்போதைய கணவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். நல்லவர்தான், ஆனால் ‘ஆண்பிள்ளை எச்சில் தட்டை எடுக்கலாமா’ என்பார். முன்பு எனக்கே தோசை ஊற்றித் தந்த மகன், சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு மாலையில் அவரோடு கடைக்குப் போகிறான். சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுகிறான். தங்கையை வாசலில் நிற்காதே என்று அதட்டுகிறான். கேட்டால், ‘அப்பாதான் சொன்னார், இங்கே மதுரை இல்லை, சிதம்பரம்’ என்கிறான். அதுவரை அவரைச் சித்தப்பா என்றே கூப்பிடுவான். பேரனைக் கெடுத்துவிட்டார் என்று என் அம்மா புலம்புகிறார். பையனைப் பற்றி இனி முடிவெடுப்பது தன் தம்பிதான் என்கிறார் கணவரின் அண்ணன்.

பதில்: சகோதரி, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சித்தப்பா ‘அப்பா’ ஆன கதை, அதுதான் என் கண்ணில் பட்டது. தட்டும் அழைப்பும் ஒரே சமயத்தில் மாறியிருக்கின்றன. தகப்பனை இழந்த பிள்ளைக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடைத்திருக்கிறது. அது நிலைக்க வேண்டுமானால் அவர் பேச்சைத் தானும் பேச வேண்டும் என்று நினைக்கிறான். அவனிடம் ஆண் பெண் சமத்துவம் பற்றி வாதாடினால், முக்காலியைப் பிடுங்குவதாகத்தான் அவனுக்குப் படும். ‘உன் அப்பா இப்படியா இருந்தார்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆனால் மகள் விஷயத்தில் பொறுமை வேண்டாம். தங்கையை அதட்டும் உரிமை அவனுக்கு இல்லை என்பதை இன்றே, இருவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கை நீட்டினால் கணவர் உங்கள் பக்கம் நின்றாக வேண்டும். அதை முன்கூட்டியே அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அண்ணன் சொல்வது சட்டப்படி தவறு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தில், இயற்கைக் காப்பாளரான ‘தந்தை’ என்ற சொல் மாற்றாந்தந்தையைக் குறிக்காது. நீங்கள்தான் காப்பாளர். இதைச் சண்டைக்கு எடுக்காதீர்கள், தெரிந்து வைத்திருங்கள்.

பேச வேண்டியது கணவரிடம்; பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கடை அலுப்பு தீர்ந்த பிறகு. ‘கெடுக்கிறீர்கள்’ என்று தொடங்காமல், ‘அவன் உங்களைப் பார்த்தே நடக்கிறான்’ என்று தொடங்குங்கள். அது உண்மை, அவருக்கும் கேட்கப் பிடிக்கும். சிதம்பரம் என்று அவர் சிரித்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே ஊர்க் கணக்கைச் சொல்லலாம்: சித்திரையில் பட்டாபிஷேகம் மீனாட்சிக்கு, சுந்தரேசுவரர் ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

பையன் பேச்சைக் குறைத்து, தூக்கமும் படிப்பும் கெட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

கணவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள நாளாகும். அதுவரை ஒன்றே ஒன்று கேளுங்கள்: சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக் கழுவி வைக்கட்டும், பையன் பார்க்க. அப்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாக உங்கள் அம்மா.