இலங்கையையும் கென்யாவையும் நாட்டுச் சராசரியை வைத்து ஒப்பிட்டால் போதுமா?

கேள்வி: "உயர்தரப் புவியியல் ஒப்படைக்காக இலங்கையையும் கென்யாவையும் காலநிலை, பரப்பு, சனத்தொகை மூன்றிலும் ஒப்பிட வேண்டும். இரண்டும் அயன மண்டலத் தேயிலை நாடுகள். பாடசாலை ஹட்டனில் என்பதால் மலைநாட்டை முன்வைத்து எழுத விருப்பம். எதிலிருந்து தொடங்கலாம்?"

மலைநாட்டை முன்வைப்பதுதான் சரியான வழி. நாட்டுச் சராசரிகளை மட்டும் அருகருகே எழுதினால் இரண்டு நாடுகளையும் பற்றித் தவறான படம்தான் கிடைக்கும்.

பரப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர், கென்யா 580,367 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ ஒன்பது மடங்கு. இதை மனதில் பதிய வைக்க ஓர் எடுத்துக்காட்டு போதும்: கென்யாவின் வடக்கிலுள்ள மார்சபிட் என்ற ஒரே மாவட்டம் சுமார் 71,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 2019 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் நாலரை இலட்சம் பேரளவில்தான், சதுர கிலோமீற்றருக்கு ஆறு பேர். காரணம் மழை. கென்ய நிலத்தில் ஏறத்தாழ எண்பது வீதம் வறண்டதும் அரை வறண்டதுமான நிலம்.

சனத்தொகையில்தான் பலரும் சறுக்குவார்கள். இலங்கையில் 2024 கணக்கெடுப்பின்படி சுமார் 2 கோடி 17 இலட்சம், கென்யாவில் 2019 கணக்கெடுப்பின்படி சுமார் 4 கோடி 75 இலட்சம். அடர்த்தி இலங்கைக்குச் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 330, கென்யாவுக்கு 82. "இலங்கை கென்யாவை விட நான்கு மடங்கு நெருக்கமானது" என்று எழுதி முடித்துவிட்டால் மதிப்பெண் கிடைக்கலாம், விளக்கம் கிடைக்காது. நுவரெலியா மாவட்டத்தையும் கென்யாவின் தேயிலை மாவட்டமான கெரிச்சோவையும் எடுத்துப் பாருங்கள். நுவரெலியாவில் 2012இல் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர், பரப்பு 1,741 சதுர கிலோமீற்றர், அடர்த்தி ஏறத்தாழ 410. கெரிச்சோவில் 2019இல் 9 இலட்சம் பேர், அடர்த்தி ஏறத்தாழ 370. நான்கு மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விட்டது! மறுபக்கம் முல்லைத்தீவு மாவட்டத்தின் அடர்த்தி 2012இல் நாற்பதுக்கும் கீழே, கென்யச் சராசரியில் பாதிகூட இல்லை. மழையும் குளிர்ச்சியும் உள்ள உயர்நிலத்தில் சனம் நெருங்குவது இரண்டு நாட்டுக்கும் பொது.

நெருங்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. கென்யத் தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளுடையது. தம் காணியிலேயே வீடு, தேயிலை, சோளம், மாடு எல்லாம் இருக்கும். நம் மலைகளிலோ நிலம் தோட்டத்துக்கு, சனம் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு. மாவட்டப் பரப்பில் பெரும்பகுதி தேயிலையும் காடுமாக இருக்க, அதன் மிகச் சிறிய துண்டில்தான் தோட்டக் குடும்பங்கள் அடைந்து கிடக்கின்றன. 410 என்ற எண் லயத்து நெருக்கடியைக் காட்டாது. இதை ஒப்படையில் கட்டாயம் ஒரு வரியாவது எழுதுங்கள்.

வயதுக் கட்டமைப்பையும் விடாதீர்கள். கென்யாவில் 2019இல் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஏறத்தாழ 39 வீதம், இலங்கையில் 2012இல் கால்பங்கு. 2009 முதல் 2019 வரை கென்யாவில் கூடியது சுமார் 90 இலட்சம் பேர். இலங்கையில் 2012 முதல் 2024 வரை கூடியது 14 இலட்சம்.

இனிக் காலநிலை. வெப்பநிலையை உயரத்தைக் கொண்டு மதிப்பிடலாம்: 1,000 மீற்றர் ஏறினால் சுமார் 6.5 பாகை குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27.5 பாகை என்று வைத்தால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு 15.4 வரும். உண்மையான சராசரி ஏறத்தாழ 16, கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதே கணக்கைக் கெரிச்சோவுக்குப் போட்டால் தவறிவிடும். கெரிச்சோ 2,000 மீற்றருக்கும் மேலே, ஆனாலும் நுவரெலியாவை விடக் குளிர் சற்றுக் குறைவு. நம் மலை கடலிலிருந்து சட்டென எழும் ஒடுங்கிய மலை. கடற்காற்றும் மூடுபனியும் அதைச் சூழ்ந்திருக்கும். கென்ய உயர்நிலம் பரந்த மேட்டுநிலம், பகலில் நிலமே சூடேறி மேலுள்ள காற்றைச் சூடாக்கும். அங்கே 2,500 மீற்றருக்கு மேலும் தேயிலை வளர்கிறது. நம் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதலாகலையே 2,524 மீற்றர்தான்.

மழையின் ஆண்டுத் தொகையை ஒப்பிடுவதில் பயன் குறைவு. நுவரெலியா, கெரிச்சோ இரண்டுமே 2,000 மில்லிமீற்றரை ஒட்டியவை. எந்த மாதத்தில், எந்தச் சரிவில் என்பதுதான் விடயம். நம் மத்திய மலைத்தொகுதி இரண்டு பருவப்பெயர்ச்சிகளுக்கும் குறுக்கே நிற்கிறது. தென்மேல் பருவப்பெயர்ச்சி மே முதல் செப்ரெம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர்கூடத் தாண்டும். அதே காற்று மலையைக் கடந்து கிழக்குப் பக்கத்து ஊவாவில் இறங்கும்போது ஈரம் இழந்து கச்சான் காற்றாக வீசும். யூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவது அந்த வரட்சியால்தான். வட்டவளையிலிருந்து ஊவாவிலுள்ள பண்டாரவளை நேர்கோட்டில் ஐம்பது கிலோமீற்றரளவு. அங்கே மழை 2,000 மில்லிமீற்றரைத் தொடுவதில்லை.

கென்யாவில் பருவக்காற்றுகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக வீசுவதால் ஈரம் உள்ளே ஏறுவது குறைவு. ஒருங்கல் வலயம், அதாவது வடக்கு, தெற்குக் காற்றுகள் சந்திக்கும் பட்டி, மத்தியகோட்டைக் கடக்கும்போதுதான் மழை: மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை குறுகிய மழை. கெரிச்சோ இதற்கு விதிவிலக்கு. விக்ரோறியா ஏரியின் ஈரக்காற்று மேட்டில் ஏறி, கிழக்கிலிருந்து வரும் காற்றுடன் மோதி, பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். அதனால் ஆண்டு முழுவதும் ஓரளவு மழை, கொழுந்தும் தொடர்ச்சியாகக் கிடைக்கும். கூடவே ஆலங்கட்டி விழுந்து கொழுந்தைக் கிழித்துவிடும். நுவரெலியாவில் அந்தச் சேதத்தைச் செய்வது சனவரி, பெப்ரவரித் தெளிந்த இரவுகளின் உறைபனி. விடிந்து வெயில் பட்டதும் தளிர் கருகிவிடும்.

"உலர் வலயம்" என்ற சொல்லைக் கென்யாவுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள். நம்மில் மிக வரண்ட மன்னாரும் அம்பாந்தோட்டையும் ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் பெறுகின்றன, நைரோபிக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். வடக்குக் கென்யாவின் லொட்வாருக்கு 200 மில்லிமீற்றரளவே.

வரைபுக்கு நான்கு இடங்களை எடுங்கள்: வட்டவளை, பண்டாரவளை, கெரிச்சோ, லொட்வார். நான்குக்கும் மழை அச்சில் ஒரே அளவுத்திட்டம் வேண்டும். தனித்தனி அளவுத்திட்டம் போட்டால் லொட்வாரின் பட்டைகள் வட்டவளை அளவுக்கு உயரமாகத் தெரியும். ஒவ்வொரு சனத்தொகை எண்ணின் பக்கத்திலும் கணக்கெடுப்பு ஆண்டை எழுதுங்கள். அடர்த்தியை மொத்தப் பரப்பால் வகுத்தீர்களா, உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்த பிறகு வகுத்தீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். இலங்கையின் நிலப்பரப்பு மட்டும் என்றால் 62,705 சதுர கிலோமீற்றர். அப்போது அடர்த்தி 330 அல்ல, 347 ஆகிவிடும்.